சீன மரபில் சளி, இருமல் மருந்துகள்: மாஹுவாங் செடியின் வரலாற்றை முன்வைத்து

சீன மருத்துவம் பற்றிய பொது நூல்கள் பலவும் அதனைத் தொல்பழங்காலத்திலேயே முழுமை பெற்றுப் பின்னர் மாறாது நின்ற ஓர் அமைப்பாகக் காட்டுகின்றன. அதனைப் போற்றுவோரும் புறக்கணிப்போரும் இவ்வொரு செய்தியில் மட்டும் உடன்படுகின்றனர். தடிமன், சளி, இருமல், குளிர்காய்ச்சல் ஆகிய அன்றாட நோய்களுக்கு அம்மரபு வகுத்த மருந்துகளின் வரலாற்றை நோக்கின் இக்கருத்து நிலைபெறாது. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக அங்கு நிகழ்ந்தது ஒரு நீண்ட வாதம். நோயாளியை வியர்க்கச் செய்யலாமா, செய்யலாமெனின் எந்த அளவிற்கு, எக்குறி கண்டபின் நிறுத்துவது என்பனவே அவ்வாதத்தின் மையம். அதன் நடுவில் நின்றது மாஹுவாங் என்னும் செடி. தாவரவியலார் இதனை எபிட்ரா என்பர். இலையெனச் சொல்லத்தக்கது ஏறக்குறைய ஏதுமின்றிக் கணுக்கணுவாக வளரும் இச்சிறு புதர், வட சீனத்தின் வறண்ட நிலங்களுக்கு உரியது. கசாயக் கலத்திலிருந்து ஆய்வுக்கூடத்திற்கும், அங்கிருந்து மாத்திரைப் புட்டிக்கும் அது சென்றபோது எவை உடன் சென்றன, எவை கைவிடப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலும் பாடமும்

மாஹுவாங்கைக் குறிக்கும் பழைய மருந்துநூல் ஷென்னொங் பென்ட்சாவ் ஜிங் என்பது. ஹான் பேரரசுக் காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் இந்நூல் 365 மருந்துப் பொருள்களை மூன்று தரங்களாக வகுக்கிறது. மாஹுவாங் இடைத்தரத்தது. வியர்வையை வெளிப்படுத்துவது, மேலெழும் மூச்சையும் இருமலையும் தணிப்பது என அதன் பயன்கள் கூறப்பட்டுள்ளன. மூலநூல் கிடைக்கவில்லை. கி.பி. 500ஐ ஒட்டித் தாவ் ஹொங்ஜிங் என்பார் அதனை உரையுடன் பதிப்பித்தமையால் அதன் பகுதிகள் எஞ்சின.

மருந்துப் பொருளைக் கூறுவது வேறு. மருந்துச் சேர்க்கையையும் பயன்படுத்தும் நெறியையும் கூறுவது வேறு. பின்னதைச் செய்தவர் கிழக்கு ஹான் காலத்தின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங். தம் குடியினர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் எனவும், கி.பி. 196இல் தொடங்கிய ஜியான்ஆன் ஆண்டுத்தொகுதியில் பத்தாண்டு நிறையுமுன் அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் இறந்தனர் எனவும், இறந்தோருள் பத்தில் எழுவரைக் கொன்றது குளிர்த்தாக்கு நோயே எனவும் நூல் முகவுரை கூறுகிறது. குளிர்த்தாக்கு என்பது ஷாங்ஹான் என்னும் சொல்லின் நேர்ப்பொருள். இன்று எளிய தடிமன் எனக் கருதப்படுவதும், உயிர்கொல்லும் கொள்ளைக் காய்ச்சலும் இச்சொல்லில் அடங்கின. எனவே ஷாங்ஹான் லுன் என்னும் இந்நூலைத் தடிமனுக்கான கைமருந்துக் குறிப்பாக எண்ணிவிடலாகாது.

இந்நூலின் பாட வரலாறு தமிழ்ச் சுவடிப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்குப் பழக்கமான ஒன்றாகவே தோன்றும். போர்க்காலத்தில் சிதைந்த நூலை மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷூஹே தொகுத்தார். 1065இல் சுங் அரசின் மருத்துவநூல் திருத்தக் குழு அதனை அச்சிட்டது. 1592இல் ஃபாங் யோவ்ஜியும் 1648இல் யூ சாங்கும், வாங் ஷூஹே நூற்பாக்களின் வரிசையைக் கெடுத்துவிட்டார் எனக் குற்றஞ்சாட்டித் தாம் கருதிய வரிசையில் மாற்றியமைத்தனர். எந்த நூற்பா ஆசிரியருடையது, எது இடைச்செருகல் என்னும் வழக்கு அன்று முதல் ஓயவில்லை. ஒரு நூற்பாவின் இடம் மாறினால் நோயாளிக்கு அளிக்கும் கசாயமும் மாறும் என்பதே இலக்கியப் பாடபேதத்திற்கும் இதற்குமுள்ள வேறுபாடு.

வியர்வையின் இலக்கணம்

நூலின் தொடக்கத்தில் இரண்டு கசாயங்கள் இணையாக வைக்கப்பட்டுள்ளன. நோயாளிக்குத் தலைவலியும் காய்ச்சலும் குளிருக்கு அஞ்சுதலும் உள்ளன, வியர்வை இல்லை, மூச்சு இரைக்கிறது, நாடி இறுகியுள்ளது. இந்நிலைக்கு மாஹுவாங் கசாயம். இதே நோயாளிக்குத் தானாகவே வியர்வை கசிந்து நாடி தளர்ந்திருப்பின் அது ஆகாது. குவெய்ஜி கசாயமே உரியது. பின்னதில் இலவங்க இன மரத்தின் இளங்கொம்பு, ஷாவ்யாவ் வேர், அதிமதுரம், இஞ்சி, பன்னிரண்டு இலந்தை இனக் கனிகள் ஆகியன சேர்கின்றன. நோயின் பெயரை வைத்து மருந்தைத் தீர்மானிக்காமல், வியர்வை உண்டா இல்லையா என்னும் ஒரு குறியை வைத்துத் தீர்மானிக்கும் இம்முறையே அந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

மாஹுவாங் கசாயத்தின் செய்முறை நுணுக்கமானது. கணு நீக்கிய மாஹுவாங் மூன்று லியாங், இலவங்க இளங்கொம்பு இரண்டு லியாங், அதிமதுரம் ஒரு லியாங், ஆப்ரிகாட் பழத்தின் பருப்பு எழுபது. ஒன்பது ஷெங் நீரில் முதலில் மாஹுவாங்கை மட்டும் இட்டு இரண்டு ஷெங் குறையும்வரை காய்ச்சி, மேலெழும் நுரையை அகற்ற வேண்டும். பின்னரே ஏனையவற்றைச் சேர்த்து இரண்டரை ஷெங்காகச் சுண்டவைத்து, அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைச் சூட்டோடு பருகவேண்டும். அந்நுரை அகத்தில் அமைதியின்மையை உண்டாக்கும் எனத் தாவ் ஹொங்ஜிங் குறிக்கிறார். இன்று எபிட்ரின் என அறியப்படும் வேதிப்பொருள் விளைவிக்கும் படபடப்பை நினைவிற் கொள்வோர் இக்குறிப்பை எளிதில் கடந்து செல்லார். செடியின் தண்டு வியர்வையை வெளிப்படுத்தும், வேரோ அதனை நிறுத்தும் என்பதும் அம்மரபு வேறுபடுத்தி அறிந்த செய்தி.

மருந்தைக் கொடுப்பதோடு மருத்துவம் முடிவதில்லை. குவெய்ஜி கசாயம் பருகியவர் சற்று நேரத்தில் சூடான நீர்த்த அரிசிக் கஞ்சி குடித்துப் போர்வைக்குள் கிடக்க வேண்டும். உடலெங்கும் மெல்லிய ஈரம் கசிந்தால் போதும்; நீராய் வழியலாகாது. முதல் வேளையிலேயே வியர்த்து நோய் தணிந்தால் எஞ்சிய கசாயத்தைப் பருகக் கூடாது. மாஹுவாங் கசாயத்திற்குக் கஞ்சி வேண்டா. மற்ற நெறிகள் அதேபோல. தொண்டை வறண்டோர், நாட்பட்ட புண்ணுடையோர், மூக்கில் குருதி வடிவோர், குருதி இழந்தோர், இயல்பாகவே மிகுதியாக வியர்ப்போர் ஆகியோரை வியர்க்கச் செய்யலாகாது என விலக்குகளும் நிரலாக வருகின்றன. ஆறு லியாங் மாஹுவாங் சேரும் கடுமையான கசாயம் ஒன்றை உரியவரல்லாதார் பருகின் கைகால் குளிர்ந்து தசை துடிக்கும் என எச்சரிக்கும் நூல், வியர்வை மிகுந்தால் உடலில் தூவ வேண்டிய வெதுவெதுப்பான பொடியையும் குறிப்பிடுகிறது. ஒரு மருந்தின் ஆற்றலை அஞ்சி அறிந்தோர் எழுதிய பகுதிகள் இவை.

அளவு பற்றியும் ஒன்று கூறவேண்டும். அகழாய்விற் கிடைத்த எடைக்கற்களின்படி ஹான் காலத்து லியாங் இன்றைய 15 கிராமுக்குச் சற்று மேற்பட்டது. ஆனால் 1578இல் பென்ட்சாவ் காங்மு நூலை முடித்த லி ஷிஷென், பழைய லியாங்கிற்குத் தம் காலத்து லியாங்கில் பத்திலொரு பங்கு போதும் என்றார். பின்வந்த மருத்துவர் பலர் இக்கணக்கையே பின்பற்றினர். ஒரே ஏட்டைப் படித்த இருவர் நான்கைந்து மடங்கு வேறுபட்ட அளவுகளில் மாஹுவாங்கைக் கொடுத்திருக்கக் கூடும் என்பது இதனாற் பெறப்படும். ஏடு மாறாதிருப்பினும் வழக்கம் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அரசு மருந்தகமும் ஆயத்த மருந்தும்

சுங் காலத்தில் 1076இல் தலைநகரில் அரசே மருந்தகம் நிறுவி ஆயத்தப் பொடிகளையும் உருண்டைகளையும் விற்றது. அதன் மருந்துத் தொகை 1151இல் தாய்பிங் ஹுய்மின் ஹெஜி ஜூஃபாங் எனப் பெயர் பெற்றது. கடல்வழி வந்த நறுமணப் பொருள்கள் இத்தொகையில் மிகுதி. சோழநாட்டுத் தூதுக்குழு நறுமணப் பொருள்களுடன் சுங் அரசவையை அடைந்த 1077ஆம் ஆண்டு இக்காலத்ததே. நாடி பார்த்து மருந்தமைப்பதன் இடத்தில் நோயின் பெயர் சொல்லிப் பொட்டலம் வாங்கும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. பின்னாளில் அறிஞர் பலர் இத்தொகையைக் கடிந்துரைத்தமைக்கு இதுவே காரணம். எனினும் எளியோர்க்கு மருந்து கிட்டியது என்பதும் உண்மை.

குளிரா, வெப்பமா

1641இல் வட சீனத்திலும் கீழ்யாங்ட்சி நிலப்பகுதியிலும் கொள்ளைநோய் பரவியது. குளிர்த்தாக்கு நெறிப்படி வியர்க்கவைத்த மருத்துவர்கள் நோயாளிகள் இறப்பதையே கண்டனர். மறு ஆண்டில் வூ யோவ்கே எழுதிய வென்யீ லுன், இந்நோய் குளிரால் வருவதன்று. மூக்கின் வழியும் வாயின் வழியும் புகும் தனிவகைக் கேடான காற்றால் வருவது எனக் கூறியது. ஜாங் ஜோங்ஜிங்கின் நூலை மீறி இவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

இவ்வழியை முழுமையாக்கியவர்கள் சூஜோ நகர மருத்துவர் யே தியான்ஷியும் (1667-1746), அவரைப் பின்பற்றிய வூ ஜூதொங்கும் (1758-1836) ஆவர். வூ ஜூதொங் இளமையில் தந்தையை நோய்க்குப் பறிகொடுத்தார். சில ஆண்டுகளில் அண்ணன் மகன் ஒருவன் வெப்பநோயால் இறந்தான். பின்னர்ப் பெய்ஜிங் சென்று, அரசின் பெருந்தொகுப்பான சிகு சுவான்ஷூ நூல்களைப் படியெடுக்கும் பணியில் அமர்ந்தபோது வூ யோவ்கேயின் நூல் அவர் கைக்கு வந்தது. ஏடு படியெடுத்தவர் ஒரு மருத்துவ நெறியின் தலைவரானார் என்பது சுவடிப் பணியை எளிதாகக் கருதுவோர் அறியவேண்டிய செய்தி. 1798இல் அவர் முடித்த வென்பிங் தியாவ்பியான் 1813இல் அச்சேறியது.

அந்நூலின் புகழ்பெற்ற மருந்து யின்சியாவ் பொடி. பொன்வெள்ளி மலர் எனப்படும் ஜின்யின்ஹுவாவும் லியான்சியாவ் கனியும் இதன் தலைமைச் சரக்குகள். புதினா இலை, மூங்கிலிலை, புளிக்கவைத்த சோயா அவரை, அதிமதுரம் முதலியன துணை. இதில் மாஹுவாங் இல்லை. தொண்டை வலியும் தாகமும் உள்ள நோயாளிக்கு அது எரியில் நெய்யாகும் என்பது இந்நெறியினரின் துணிபு. பொடியை நாணல் வேர்த்தண்டுச் சாற்றில் இட்டு, மணம் எழுந்தவுடன் இறக்கிப் பருக வேண்டும். மிகக் காய்ச்சினால் மருந்து கனத்து மேலுறுப்பை விட்டுக் கீழிறங்கிவிடும். சுண்டக் காய்ச்சும் பழைய கசாயத்தின் நேரெதிர் முறை இது. ஆயினும் வூ ஜூதொங் தம் நூலின் முதல் மருந்தாக வைத்தது பழைய குவெய்ஜி கசாயத்தையே. பின்வந்த உரைகாரர் சிலர் இதனை முரண்பாடு என்றனர். புதுவழி வகுப்போர் முன்னோர்க்கு முதல் இடம் அளிக்கும் மரபாகவும் கொள்ளலாம்.

இருமலைப் பொறுத்தவரை, நுரையீரல் மட்டுமன்றி எல்லா உள்ளுறுப்புகளும் இருமலை உண்டாக்கும் எனப் பழைய சூவென் நூலே கூறியுள்ளது. 1732இல் செங் குவோபெங் நுரையீரலை மணிக்கு ஒப்பிட்டார். அடித்தாலன்றி மணி ஒலியாது. எனவே ஒலியை அடக்க முயலாது அடிப்பது எதுவெனக் காணவேண்டும் என்பது அவர் கருத்து. இருமலை நிறுத்த அவர் அமைத்த ஏழு சரக்குப் பொடி, கடுமையான மருந்து ஒன்றும் சேராதது. லோகாட் மரத்தின் இலை தேனுடன் சேரும் பெய் பா கோவா என்னும் பாகு இன்று உலகெங்கும் விற்கப்படுகிறது. அதனை யே தியான்ஷி ஓர் அதிகாரியின் தாய்க்கு அமைத்தார் என்பது வணிகர் வழங்கும் கதை, வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. இவ்விலையின் பின்புறத்து நுண்மயிர் தொண்டையை உறுத்தும் ஆதலின் அதனைத் தேய்த்து நீக்கிய பின்னரே காய்ச்ச வேண்டும் என்னும் மருந்தாளர் நெறி அக்கதையினும் மதிப்புடையது.

மருத்துவத்தை விடுத்து மருந்தைக் கொள்ளல்

1885இல் ஜப்பானிய வேதியியலார் நாகாய் நாகயோஷி மாஹுவாங்கிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். நெடுங்காலம் அது கண்பாவையை விரிக்கும் பொருளாகவே அறியப்பட்டது. 1923இல் பெய்ஜிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற இளம் ஆய்வாளர் கே.கே. சென், தம் உறவினரான மரபு மருத்துவர் ஒருவர் வழியாக மாஹுவாங்கின்பால் ஈர்க்கப்பட்டார். கார்ல் ஷ்மிட் என்பாருடன் அவர் 1924இல் வெளியிட்ட ஆய்வு, எபிட்ரின் அட்ரினலினைப் போன்று செயற்படுவதாயினும் வாய்வழி உட்கொள்ளத்தக்கது, நீண்ட நேரம் நிற்பது என நிறுவியது. ஆஸ்துமாவுக்கும் மூக்கடைப்புக்கும் உலகெங்கும் எபிட்ரின் பயன்பட்டது. இந்தியாவில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா, வடமேற்கு மலைப்பகுதிகளில் வளரும் எபிட்ரா இனங்களை ஆராய்ந்தார்.

இவ்வெற்றி சீனத்தில் ஒரு கூர்மையான அரசியல் வினாவை எழுப்பியது. 1929 பிப்ரவரியில் யூ யுன்சியூ என்னும் மருத்துவர் முன்வைத்த, மரபு மருத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்கும் தீர்மானத்தை நாஞ்சிங் அரசின் சுகாதாரக் குழு ஏற்றது. மார்ச் 17 அன்று மரபு மருத்துவர்கள் ஷாங்காயில் கூடி எதிர்த்தனர், தீர்மானம் செயலாக்கப்படவில்லை. மருத்துவக் கொள்கையைத் தள்ளி மூலிகைகளை மட்டும் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துக்கொள்ளலாம் என்னும் கருத்து அன்று வலிமையுடன் நின்றது. எபிட்ரின் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாயிற்று. எதிர்த்திசையில் சென்றவரும் உளர். ஜாங் ஷிச்சுன் என்னும் மரபு மருத்துவர் ஜிப்சம் காய்ச்சிய நீருடன் ஆஸ்பிரினைக் கொடுத்து வியர்க்கச் செய்தார். அயல்நாட்டு மாத்திரைக்கும் வெப்பம், குளிர்ச்சி என்னும் பண்புகளை வகுத்து அதனைத் தம் நெறிக்குள் இழுத்துக்கொண்டார்.

மருந்து தன் நெறியைப் பிரிந்தபின் நேர்ந்தது தனி வரலாறு. நாகாயே 1893இல் எபிட்ரினிலிருந்து மெத்தாம்பெட்டமினை உருவாக்கினார். எபிட்ரினுக்கு மாற்றுத் தேடிய கோர்டன் ஆலிஸின் முயற்சி ஆம்பெட்டமினை மருந்தாக்கியது. அது 1930களில் மூக்கடைப்பு நீக்கும் குழலாகக் கடைகளில் விற்றது. போதைப் பழக்கம் பின்தொடர்ந்தது. 1990களில் அமெரிக்காவில் எபிட்ரா சாறு உடல் மெலியவும் விளையாட்டு வீரர்க்கு ஊக்கமளிக்கவும் துணையுணவாக விற்கப்பட்டது. பலவற்றில் காஃபினும் சேர்ந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இறப்புகளும் பதிவானபின் 2004இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதனைத் தடைசெய்தது. மரபுச் செடியே கேடு விளைத்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின. வியர்வை தோன்றியதும் நிறுத்துக என்ற நூலின் செடியை, வியர்வைக்கே தொடர்பின்றி மாதக்கணக்கில் உண்டதில் மரபு எங்குள்ளது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

இதனால் மரபு நெறி குறைவற்றது என்று கொள்ளலாகாது. முதலாவதாக, இன்று சீனத்தில் மரபு மருந்தென விற்கப்படும் தடிமன் மருந்துகள் சிலவற்றுள் பாராசிட்டமாலும் குளோர்பெனிரமினும் சேர்ந்துள்ளன. வைட்டமின் சி யின்சியாவ் மாத்திரை அத்தகையது. வூ ஜூதொங்கின் பொடியால் காய்ச்சல் தணிந்ததா, பாராசிட்டமாலால் தணிந்ததா எனப் பயன்பெற்றவர் அறியார். 2007இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, தடிமனுக்கான சீன மூலிகைச் சோதனைகளின் தரம் குறைவு என்றும் அவற்றைக் கொண்டு பயனை உறுதிப்படுத்த இயலாது என்றும் கூறியது. 2020இல் பெருந்தொற்றின்போது சீனத்தில் பரவலாக வழங்கப்பட்ட லியான்ஹுவா சிங்வென் மருந்துறையில், மாஹுவாங்கும் ஜிப்சமும் சேரும் பழைய கசாயமும், மாஹுவாங்கை விலக்கிய யின்சியாவ் பொடியும் ஒன்றாகக் கலந்துள்ளன. இரு நூற்றாண்டு வாதம் ஓர் உறைக்குள் அடங்கிவிட்டது. எந்த நோயாளிக்கு எது ஆகாது என்று கேட்கும் வழக்கமே அவ்வாதத்தின் பயன். அது மட்டும் உறைக்குள் இடம்பெறவில்லை.

இரண்டாவது குறை மேலும் கடுமையானது. போர்வைக்குள் ஒரு நாழிகையில் தோன்றும் விளைவை அம்மரபு கூர்ந்து கண்டது. இருபதாண்டு கழித்துத் தோன்றுவதைக் காண அதனிடம் கருவி இல்லை. 1119இல் தொகுக்கப்பட்ட சியென் யீயின் குழந்தை மருத்துவ நூலில், நலிந்த நுரையீரலின் இருமலுக்கு அமைந்த மருந்து ஒன்றில் மாடோலிங் என்னும் கனி சேர்கிறது. அது அரிஸ்டோலோக்கியா இனக் கொடியின் கனி. 1993இல் பெல்ஜியத்தில் உடல் மெலியும் மருந்தில் இவ்வினத்து வேர் தவறுதலாகச் சேர்ந்து பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தமை வெளியாயிற்று. இவ்வினத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்குவது எனப் பின்னர் உறுதிப்பட்டது. சளி கோத்த இருமலுக்கான பழைய கசாயம் ஒன்றில் சேரும் சிசின் செடியிலும் இவ்வமிலம் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சீன மருந்தியல் தொகை அச்செடியின் வேரை மட்டுமே ஏற்றது. 2020ஆம் ஆண்டுத் தொகையிலிருந்து மாடோலிங் நீக்கப்பட்டது. ஒன்பது நூற்றாண்டுகளாகக் குழந்தைகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தவர்களுள் எவரும் அதனை ஐயுற்றிருக்க வழியில்லை. நஞ்சு வெளிப்படும் காலத்தில் இருமலை எவர் நினைவில் வைத்திருப்பர்? தமிழ் மருத்துவ மரபில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா இனத்தவை. சித்த மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் அவ்விரு பெயர்களும் வருமிடங்களில் இச்செய்தியை அடிக்குறிப்பாகத் தருவது தேவை.